ஆக்சில் பூட் கிழிஞ்ச வருசம்

முன்னாடியே உக்காருங்க சார். பைய மடியில வச்சுக்கிட்டு என்னத்துக்குச் செரமப்படுறீங்க, காலுக்குக் கீழ வைங்க, எடம் கெடக்கு. வண்டி இப்பக் கெளம்பாது. பொம்பளைங்க வரணும். நீங்க வெள்ளன வந்துட்டீங்க, அதான். டவர் வேலையா மேல போறீங்களா? அது நிக்கிற ஏலத்தோட்டத்துக்கு பஸ்சு கெடையாது. போடிமெட்டு வரைக்கும் பஸ்சுல போகலாம். அதுக்கு மேல காட்டுக்குள்ள போகணும்னா நாலு சக்கரமும் இழுக்குற வண்டிதான் வேணும். இந்த ஸ்டாண்டுல நிக்கிற ஜீப்பு அம்புட்டும் அதுக்குத்தான் நிக்கிது. காலையில ஏலக்கா எடுக்குற பொம்பளைங்கள ஏத்திட்டுப் போவோம், சாயங்காலம் கொண்டாந்து எறக்குவோம்.

எல்லா வண்டிகிட்டயும் ஆள் நிக்கிது, இது மட்டும் காலியா நிக்கிதேன்னு பாக்குறீங்க. கேக்கமாட்டீங்க, படிச்சவங்க. நானே சொல்றேன். அந்தா பச்சைக் கலர்ல நிக்கிது பாருங்க, அது ராசாங்கம் வண்டி. அதுகிட்டத் தூக்குவாளியோட நிக்கிறாங்கள்ல, அந்தப் பொம்பளைங்க பூராம் என் வண்டி ஆளுங்க. ஐப்பசி வரைக்கும் என் வண்டியத் தவிர வேற வண்டியில கால் வச்சதில்ல. இன்னைக்கு என்னைப் பாத்தா வணக்கம் சொல்லிட்டு அங்கிட்டுப் போயி நிக்கிறாங்க. அந்த வணக்கம் எதுக்கு சார்? அது இல்லாம இருந்தாக்கூடத் தேவல.

எல்லாம் ஒரு ரப்பரால வந்தது. சொன்னா நம்பமாட்டீங்க. கையகல ரப்பரு.

முன்வீலுக்குப் போற ஆக்சில் முனையில ஒரு மூட்டு இருக்கும் சார். நம்ம தோள்பட்டை மூட்டு கணக்கா. வீலு அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பணும், அதே நேரத்துல சுத்தவும் செய்யணும்ல, அதுக்கு. அதுக்குள்ள குண்டு கெடக்கும், கிரீசு கெடக்கும். அதைப் பொத்தினாப்புல மடிப்பு மடிப்பாக் கறுப்பு ரப்பர் ஒண்ணு மாட்டியிருப்பாங்க. 'பூட்'னு சொல்லுவோம், காலுக்குப் போடுற பூட்சு கணக்கா. அது கிழிஞ்சுச்சுன்னா கிரீசு பூராம் வெளிய வீசிரும், சேறும் மண்ணும் உள்ள போயிரும், குண்டு தேயும். தேஞ்சா, திரும்புறப்ப டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வரும். அம்புட்டுத்தான் விசயம். மத்த வண்டிக்கெல்லாம் அந்த ரப்பரு வருசக்கணக்கா ஒழைக்கிது. எனக்கு மட்டும் ஒரே சீசனுக்குள்ள திரும்பத் திரும்பக் கிழிஞ்சுச்சு. கண்ணேறுதான், வேற என்ன சொல்ல.

ஏன்னா இந்த ஸ்டாண்டுல என்னை மாதிரி வண்டிய வச்சுக்கிட்டவன் கெடையாது சார். பெருமைக்குச் சொல்லல, யாரைவேணும்னாலும் கேளுங்க. மழைக்காட்டுல ஓடுற வண்டி, அடியில துரு ஏறிரும்ல? வியாழக்கெழமை ஆச்சுன்னா போதும், ஏலத்துக்கு மருந்தடிக்கிற டேங்கு ஒண்ணு சும்மா கெடக்கு வீட்டுல, அதுல டீசலும் வண்டியில எறக்குன பழைய ஆயிலும் கலந்து ஊத்தி, முதுகுல மாட்டிக்கிட்டு, வண்டிக்குக் கீழ பூந்து மூலை முடுக்கெல்லாம் அடிப்பேன். வெள்ளிக்கெழமை காலையில பாத்தீங்கன்னா அடிச்சட்டம் பூராம் கறுகறுன்னு மின்னும். ஒரு பொட்டுத் துரு பாக்க முடியாது. அதுக்கப்புறம்தான் எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம். கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்த வண்டி சார் இது.

மொதத் தடவை கிழிஞ்சப்ப என் மச்சினன்கிட்டக் கொண்டு போனேன். ஜெயக்கொடின்னு பேரு, என் சம்சாரத்தோட தம்பி. இந்த மாதிரி வண்டிக்குப் போடியில அவன்தான் கைராசிக்காரன், அதை இல்லன்னு சொல்லமாட்டேன். வீலக் கழட்டி, ஆக்சில உருவி, மூட்ட மண்ணெண்ணெயில போட்டுக் கழுவி, புதுக் கிரீசு வச்சு, புது ரப்பரு மாட்டி, பட்டை போட்டு இறுக்கிக் குடுத்தான். அதோட விட்டிருக்கலாம்ல? கிழிஞ்ச ரப்பரைக் கையில எடுத்து விரல் நடுவுல வச்சுத் தேச்சான். தேச்சுட்டு, நாலு டிரைவர் நிக்கிறப்பச் சொல்றான்: "மாமா, இது கல்லு குத்திக் கிழியல. ஊறிப்போயிக் கிழிஞ்சிருக்கு. பிசுபிசுங்குது பாருங்க. நீங்க டீசல் அடிக்கிறத விட்ருங்க. இரும்பைக் காப்பாத்தறேன்னு ரப்பரைக் கொல்றீங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் ஸ்டீரிங்கு புடிக்கிறப்ப அவன் டவுசர் போட்டுக்கிட்டு ஓணான் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன். நான் கேட்டேன், "ஏன்டா மாப்ள, டீசல்ல ஓடுற வண்டிக்கு டீசல் ஆகாதா?"ன்னு. நிக்கிறவனெல்லாம் சிரிச்சான். அவனும் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பதில் இருந்தாச் சொல்லியிருப்பான்ல.

அன்னையிலருந்து அவன் பட்டறைப் பக்கம் நான் போகல. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு சும்மாவா சொன்னாங்க, சொன்னவன் என்னைப் பாத்துத்தான் சொல்லியிருப்பான். போகாட்டி என்ன? மேல பூப்பாறைக்கிட்ட சாக்கோ சேட்டன்னு ஒரு மலையாளத்து மெக்கானிக் இருக்கார். அடுத்தாப்புல கிழிஞ்சப்ப அவர்கிட்டப் போனேன். வீலைக்கூட முழுசாக் கழட்டல அவரு. பிளந்து வச்ச ரப்பர்னு ஒண்ணு வருது, அதை ஆக்சில் மேல சுத்தி, பசை போட்டு ஒட்டி விட்டுட்டார். ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு. நல்ல மனுசன் சார். ஏன் கிழிஞ்சுதுன்னு கேக்கவே மாட்டார்.

அதுவும் ஒட்டு விட்ருச்சு. சரக்குச் சரியில்ல, வேற என்ன. இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான வருது. அடுத்து நானே சைக்கிள் டியூப வெட்டிச் சுத்தி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வச்சேன். அது மேலயும் கொஞ்சம் டீசலைத் தூக்கலாவே அடிச்சு விட்டேன், பாதுகாப்புக்கு.

அதுக்குப் பெறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பிச்சுச்சு. எனக்கொண்ணும் பெருசாக் கேக்கல. என் சம்சாரத்துக்குத்தான் கேட்டுச்சு. அவளும் காய் எடுக்க வர்றவதான சார், லோகமணின்னு பேரு. மத்தப் பொம்பளைங்களோட பின்னாடி ஏறிக்குவா, கதவோரம். முன்சீட்டு உங்கள மாதிரி ஆளுங்களுக்கு, தோட்டத்துச் சூப்பர்வைசருக்கு. சொந்தப் பொண்டாட்டிய முன்னால உக்கார வச்சுக்கிட்டுப் போனா ஸ்டாண்டுல என்ன பேசுவான்? அவளும் கேட்டதில்ல. ஒரு தடவை கேட்டா, கல்யாணம் ஆன புதுசுல. பெறகு கேக்கல.

"ஏங்க, திரும்புறப்ப டக்கு டக்குங்குது"ன்னா. நான் பாட்டைக் கூட்டி வச்சேன். வீட்டுல வந்து சோறு போடுறப்பச் சொன்னா, "தம்பிகிட்ட ஒரு எட்டுக் காட்டுங்களேன்"னு. "உன் தம்பி பேச்சை எடுக்காத"ன்னேன். படுக்கப் போறப்பவும் சொன்னா. எனக்கும் அலுப்பா இருக்கும்ல சார்? நாள் பூராம் அந்த வளைவுல வண்டி ஓட்டிட்டு வந்தவன். வீட்டுல வந்தும் அதே வண்டிப் பேச்சா? மறுநாள் பாட்டை இன்னும் கூட்டி வச்சேன், அதுக்கப்புறம் அவளும் சொல்லல. நானும் சரி, சத்தம் நின்னிருச்சு போலன்னு இருந்துட்டேன்.

ஐப்பசியில ஒரு நாள், விடாத மழை. சாயங்காலம் தோட்டத்துல இருந்து எறங்குறோம், வண்டி நெறையப் பொம்பளைங்க. தோட்டத்துக் கேட்டைத் தாண்டி மொத வளைவு ஒடிச்சேன். கொஞ்சம் சத்தமாத்தான் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஸ்டீரிங்கு கையில ஒரு வெட்டு வெட்டுச்சு. பின்னாலருந்து யாரோ தகரத்தத் தட்டுறாங்க, தடதடன்னு. நிப்பாட்டிட்டுத் திரும்பிப் பாத்தா, லோகமணி எறங்கி மழையில நிக்கிறா. நின்னுக்கிட்டு மத்தவங்கள எறங்கச் சொல்றா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல சார். என் வண்டி. என் பொண்டாட்டி. "முத்துப்பிள்ளையக்கா, எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க, நடந்து போயிரலாம்"ங்குறா.

முத்துப்பிள்ளைங்குறது வயசான பொம்பளை, அந்தக் கூட்டத்துக்கு மூத்தது. அது எறங்குச்சா, அதுக்குப் பின்னால வரிசையா அம்புட்டும் எறங்கிருச்சு. பிளாஸ்டிக் தாளைத் தலையில போட்டுக்கிட்டு, தூக்குவாளியக் கையில புடிச்சுக்கிட்டு, ஊர்வலம் மாதிரி நடக்குறாங்க. நான் பின்னாடியே மெதுவா உருட்டிக்கிட்டு வாறேன். ஆரன் அடிக்கிறேன். "ஏறுங்கத்தா, ஏறுங்கத்தா"ன்னு கெஞ்சுறேன். மேல போற வண்டிக்காரனெல்லாம் கண்ணாடிய எறக்கி வேடிக்கை பாக்குறான். ஒருத்தி திரும்பல. எனக்கு அழுகை வந்துருச்சு சார், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். மழைங்கறதால தெரியல.

அதுக்கப்புறம் நின்னு என்ன செய்ய? அழுத்திட்டேன். அவங்களைத் தாண்டி வந்துட்டேன். கீழ ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கு, போறப்பக் காட்டுறேன். அதுல ஒடிக்கிறப்ப முன்னால படார்னு ஒரு சத்தம். மூட்டு ஒடஞ்சு முன்வீலு இறுகிக்கிருச்சு. வண்டி நேராப் போயிக் கைப்பிடிச் சுவத்துல முட்டிச்சு. சுவரு பாதி விழுந்துருச்சு, வண்டி மூக்கு பள்ளத்துப் பக்கம் தொங்குது. பின்சீட்டுப் பலகை ரெண்டும் பேத்துக்கிட்டு முன்னால வந்து கெடக்கு. நல்லவேளை, பின்னால யாரும் இல்ல.

ஆனா அதைத்தான் சார் நான் சொல்ல வாறேன். யாராச்சும் இருந்திருந்தா இது நடந்தே இருக்காது. பின்னால பாரம் இருந்தாத்தான வண்டி தரையைப் புடிக்கும்? காலி வண்டி தூக்கி அடிக்கும். எந்த டிரைவர வேணும்னாலும் கேளுங்க. இவங்க பாட்டுக்கு எறங்கிட்டாங்க, வண்டி லேசாப் போச்சு, முட்டிருச்சு. இதுல என் தப்பு எங்க இருக்கு?

நெத்தியில அடி, ரத்தம் ஊத்துது. சுவத்தோரம் உக்காந்திருக்கேன். கொஞ்ச நேரத்துல அவங்க நடந்து வந்து சேந்தாங்க. முத்துப்பிள்ளை அந்தத் தொங்குற வண்டி மூக்கைப் பாத்துக் கும்பிட்டுச்சு. லோகமணி ஓடி வந்து முந்தானையச் சுருட்டி என் நெத்தியில வச்சு அமுக்குனா. அப்ப நான் ஒரே ஒரு வார்த்தைதான் சார் சொன்னேன். "உன்னாலதான்டி. நீ எறங்குனதாலதான் வண்டி போச்சு"ன்னு. வலியில சொல்றதுதான அது. மனுசன் சொல்லமாட்டானா?

அவ கைய எடுக்கல. ரத்தம் நிக்கிற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்தா. சேதி கேட்டு ஜெயக்கொடி வேன் எடுத்துட்டு வந்தான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, தையல் போட்டாங்க. என்னை வீட்டுல எறக்கி விட்டுட்டு, அவ அந்த வேன்ல இருந்து எறங்கல. தம்பி வீட்டுக்குப் போயிட்டா. அன்னைக்குப் போனவதான்.

அவளும் சும்மா இல்ல. மறு வாரமே வேலைக்குக் கெளம்பிட்டா, ராசாங்கம் வண்டியில. முன்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறான் சார். ஏன்டான்னு கேட்டா, "அண்ணே, மதினிக்கு வண்டிச் சத்தம் தெரியிது, அது முன்னால இருந்தா எனக்கு ஒரு தைரியம்"ங்குறான். எனக்கு அவ மேல சந்தேகமெல்லாம் கெடையாது, அந்த மாதிரி ஆள் இல்ல நான். ஆனா காலையில இந்த எடத்துல நான் நிக்கிறேன், என் முன்னாலயே அவ அந்தச் சீட்டுல ஏறிப் போறா. அவ போன பெறகு இந்த ஸ்டாண்டுல எனக்கு ஒண்ணும் ஓடாது. வீட்டுலயும் ஓடாது. வெந்நி வைக்கக் கூட அடுப்ப எந்தப் பக்கம் திருகணும்னு தெரியல எனக்கு. தூக்கம் இல்ல. அலுத்துப் போச்சு சார்.

வண்டிய ஜெயக்கொடிதான் எடுத்துட்டுப் போயிச் சரி பண்ணான். நான் கேக்கல, அவனா எடுத்துட்டுப் போனான். ரெண்டு பக்க ஆக்சில் மூட்டவே மாத்திட்டான், ரெண்டு பக்கமும் புது ரப்பரு. அடியில இருந்த கறுப்பு பூராம் சோப்புத்தண்ணி போட்டுக் கழுவி எடுத்திருந்தான். நான் எத்தனை வியாழக்கெழமையா ஏத்தி வச்ச மினுக்கம் சார் அது. மொட்டையா நின்னுச்சு வண்டி, முடியெறக்குன பிள்ளை மாதிரி.

நானும் மச்சினனும் பேசிக்கிறதில்லல்ல, அதனால முத்துப்பிள்ளை வந்து வீட்டுல சொல்லிட்டுப் போச்சு. "தம்பி, வண்டி ரெடி. இனிமே அடியில தண்ணி மட்டும்தான் அடிக்கணுமாம், எண்ணெ டீசல் எதுவும் ஆகாதாம், ஜெயக்கொடி சொல்லிவிட்டான். லோகமணி திங்கக்கெழமை காலையில ஸ்டாண்டுக்கு வருவா. வந்து அவளே குனிஞ்சு பாப்பா. பாத்துட்டு ஏறுனான்னா நாங்களும் ஏறுவோம். சாயங்காலம் வீட்டுக்கே வந்துருவா. இதைக் கெடுத்துக்கிராதீங்க." இம்புட்டுத்தான் சொல்லிச்சு. நானும் சரி சரின்னு தலையாட்டினேன்.

இன்னைக்குத்தான் சார் திங்கக்கெழமை.

அதான் வெள்ளனயே வந்து நிக்கிறேன். சட்டை புதுசு. சீட்டுக்கு ரெக்சின் மாத்தியிருக்கேன். முன்சீட்டுல உங்கள உக்கார வச்சது கூட, அவ வந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு உங்களப் பின்னால மாத்தலாம்னுதான், தப்பா நெனைக்காதீங்க. இன்னும் அதை முடிவு பண்ணல. நேத்து சாயங்காலம் பூராம் வண்டிகூடவேதான் கெடந்தேன். இம்புட்டு நாள் கழிச்சு வர்றா, குனிஞ்சு பாக்கப் போறேன்னு வேற சொல்லிவிட்டிருக்கா. அப்ப அப்படியே மொட்டையாக் காட்ட மனசு வருமா? பழைய ஆயில் கலக்கல. அதுல கெடக்குற அழுக்குக் கசண்டுதான ரப்பருக்கு ஆகாது. பங்க்குல போயி நல்ல டீசலா வாங்கி, துணியில வடிகட்டி, டேங்குல ஊத்தி, ஒரு எடம் விடாம அடிச்சு வச்சிருக்கேன். பளிச்சுன்னு இருக்கு. என் கல்யாணத்துக்குக் கூட நான் இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சதில்ல.

அந்தா வர்றா. செவப்புச் சேலை. மெலிஞ்சுட்டா, இல்ல? நீங்க பேசாம உக்காந்திருங்க. நான் எறங்கி நிக்கிறேன்.

வா லோகு. சாப்பிட்டியா? பாரு, நல்லாப் பாரு. ரெண்டு பக்கமும் பாரு.

குனியிறா பாருங்க சார், வீலுக்குப் பின்னால கையவிட்டு அந்த ரப்பரைத் தடவுறா. மெக்கானிக் தங்கச்சி கணக்கா, இல்ல, அக்காதான இவ. விரலை மோந்து பாக்குறா. எதுக்கு மோந்து பாக்குறா?

என்ன லோகு? ஏன் அப்படிப் பாக்குற? எதாச்சும் சொல்லிட்டுப் போ. ஏய்.

பாத்தீங்களா சார். ஒரு கோவம் இல்ல, ஒரு சண்டை இல்ல. விரல முந்தானையில தொடச்சுக்கிட்டுப் போறா. அவ கண்ணு கலங்கிருந்துச்சா? எனக்கு அப்படித் தெரிஞ்சுச்சு. முத்துப்பிள்ளைகிட்ட என்னமோ சொல்றா. அந்தா, அம்புட்டுப் பேரும் ராசாங்கம் வண்டியில ஏறுறாங்க. அவ முன்னால ஏறிட்டா. கதவைச் சாத்திட்டா.

என்ன செஞ்சா இவளுக்குப் போதும்னு எனக்குத் தெரியல சார். சத்தியமாத் தெரியல. எதுல கொறை வச்சேன்?

ஏன் சார் பைய எடுக்குறீங்க? நீங்க ஒரு ஆளு இருந்தாக்கூட நான் போவேன். மெதுவா ஓட்டுறேன். இல்ல, இல்ல, போங்க, உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். வெரசாப் போங்க, ராசாங்கம் வண்டிய எடுத்துருவான். பின்னால கதவோரம் எடம் இருக்கும். உக்காந்ததும் முன்சீட்டைத் தட்டி அவகிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க சார். பழசு இல்ல, புது டீசல்தான் அடிச்சிருக்கேன்னு சொல்லுங்க. வடிகட்டி அடிச்சேன்னு சொல்லுங்க.